செக்ரோலில் ஏறாத இரத்தம்

1979இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்’ வெளியிட்ட ஆய்வொன்று இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களைப் பற்றியது. எட்ஜர்ட்டன், கார்ட்னர், சேனவிரத்ன முதலியோர் நடத்தியது. இரத்தசோகை உள்ள தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பார்வைக்கு மருந்து போலிருக்கும் வெற்றுப்பொருள். ஒரு மாதம் கழித்து அவரவர் எடுத்த கொழுந்தின் நிறையை ஒப்பிட்டார்கள். இரும்பினால் ஹீமோகுளோபின் ஏறியவர்கள் கூடுதலாகக் கொழுந்து எடுத்திருந்தார்கள். டெசிலீற்றருக்கு 6 முதல் 9 கிராம் வரை இறங்கிக் கிடந்தவர்களிடம் அந்த ஏற்றம் இன்னும் அதிகம். மடுவத்துத் தராசு நிறுப்பது கொழுந்தை மட்டுமல்ல என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அந்த ஆய்வின் கேள்வி உழைப்பைப் பற்றியது. இரும்பு கொடுத்தால் வேலை கூடுமா? கூடும். அந்த உடம்புகளிலிருந்து இரும்பு எங்கே போனது என்பது வேறு கேள்வி. அதற்குத் தோட்டங்களில் இரண்டு விடைகள் நெடுங்காலமாகத் தயாராக இருக்கின்றன: கொக்கிப்புழு, சாப்பாட்டுக் குறை. இரண்டும் பொய்யில்லை. ரொக்ஃபெல்லர் நிறுவனத்தார் 1910களின் நடுவில் இங்கே வந்து புழு மருந்து கொடுக்கத் தொடங்கியதே தோட்டங்களில்தான். சாப்பாட்டைப் பற்றிச் சொன்னால், ரொட்டியோடு சேர்த்துக் குடிக்கும் சாயத்தண்ணி அந்த ரொட்டியில் இருக்கும் கொஞ்ச இரும்பையும் உடம்பில் சேரவிடாது. கொழுந்து எடுப்பவரின் இரும்பைக் கொழுந்தே மறித்துவிடுகிறது.

மூன்றாவது விடை ஒன்று உண்டு. கணக்கில் அது எளிது. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தோடு கிட்டத்தட்ட 0.4 முதல் 0.5 மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. ஒரு மாதவிடாயில் 80 மில்லிலீற்றர் போனால் 30, 40 மில்லிகிராம் இரும்பு போய்விடும். சாதாரணச் சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். ஒரு மாத வரவு மாதவிடாயின் ஐந்தாறு நாட்களில் தீர்ந்துபோகிறது. இந்த 80 மில்லிலீற்றர் எல்லையை 1960களில் சுவீடன் ஆய்வாளர்கள் வகுத்தார்கள். அதைத் தாண்டுவதைத் தமிழில் முன்பிருந்தே ‘பெரும்பாடு’ என்கிறோம். சொல்லிலேயே பாடு இருக்கிறது. ஆனால் அதை அனுபவிப்பவர் வாய்விட்டுச் சொல்வது அபூர்வம்.

பெரும்பாடு அதிகம் வரும் வயதையும், மாதவிடாய் நின்ற பிறகு திரும்பவும் இரத்தம் காணும் வயதையும் பற்றியது இந்தக் கட்டுரை. ஏறத்தாழ 45 முதல் 60 வரை. இடம், சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்கள். பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பக்கம் தேயிலை. எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலைப் பக்கம் றப்பரும் தேயிலையும் கலந்து. நுவரெலியாவைப் போல மலை முழுவதும் தமிழ் கேட்கும் இடம் அல்ல இது. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே லயங்கள் தீவு தீவாகக் கிடக்கின்றன. நோயைக் கண்டுபிடிக்கும் முறைகளைப் பேசும்போது இந்தப் பூகோளத்தையும் சேர்த்தே பேசவேண்டியிருக்கிறது.

*

கண்டறிதல் என்றதும் நமக்கு ஸ்கேன் மெசின் நினைவுக்கு வருகிறது. உண்மையில் முதல் கருவி நாட்காட்டி. மாதவிடாய் நிற்பது ஒரு நாளில் நடப்பதில்லை. 2012இல் வெளியான அனைத்துலக வரையறையின்படி, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் ஏழு நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் மாற்றம் தொடங்கிவிட்டது. 60 நாள் அல்லது அதற்கு மேற்பட்ட இடைவெளி விழத் தொடங்கினால் அது பின்பகுதிக்கு வந்துவிட்டது. கடைசி மாதவிடாய்க்குப் பிறகு முழுதாகப் பன்னிரண்டு மாதங்கள் ஒன்றும் காணாமல் கழிந்தால்தான் ‘நின்றுவிட்டது’ என்று சொல்லலாம்.

இந்தப் பன்னிரண்டு மாதக் கோட்டுக்கு இப்பக்கமும் அப்பக்கமும் ஒரே இரத்தத்துக்கு இரண்டு பொருள். கோட்டுக்கு முன்னால் நாள் தள்ளிப்போவது இயல்பு. எட்டு நாளுக்கு மேல் நீள்வதும், கட்டி கட்டியாகப் போவதும், இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் காண்பதும், கணவனோடு சேர்ந்த பிறகு காண்பதும் இயல்பல்ல. கோட்டைத் தாண்டிவிட்டால் ஒரு சொட்டும் இயல்பல்ல. துணியில் ஒருமுறை பட்ட இளஞ்சிவப்புக் கறையானாலும் பார்த்தாக வேண்டும்.

‘நிற்கிற காலத்தில் இப்படித்தான் இருக்கும்’, ‘உடம்புச் சூடு’ என்ற இரண்டு வாக்கியங்களும் இந்தக் கோட்டை அழித்துவிடுகின்றன. முதல் வாக்கியம் பாதி உண்மை என்பதால் அதிக ஆபத்தானது.

கோடு எங்கே விழுகிறது என்று அறிய ‘கடைசியாக எப்போது?’ என்று கேட்டால் திகதி வராது. தோட்டத்தில் நாளை நினைவு வைக்கும் முறை வேறு. போன தீபாவளிக்கு முன்னாலா பின்னாலா? காமன் கூத்து நடந்த மாசியில் வந்ததா? கோயில் திருவிழாவுக்குத் தூரம் என்று ஒதுங்கி இருந்தீர்களா? கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. தீட்டு என்று கோயிலுக்குப் போகாமல் நின்ற நாளை எந்தப் பெண்ணும் மறப்பதில்லை. அந்த விலக்கை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் விசாரிக்கும் ஒருவருக்கு அது கையில் கிடைக்கும் ஆவணம்.

அளவைக் கேட்பதிலும் இதே சிக்கல். 1990இல் ஹைகமும் அவருடைய குழுவும் பிரிட்டனில் ஒரு படப் பட்டியலைத் தயாரித்தார்கள். பாட் எவ்வளவு நனைந்தது என்பதைப் படத்தோடு ஒப்பிட்டுப் புள்ளி போடவேண்டும். கட்டிகளின் அளவுக்கு ஆங்கில நாணயங்கள் உவமை. புள்ளி 100ஐத் தாண்டினால் 80 மில்லிலீற்றரைத் தாண்டியதாகக் கொள்ளலாம். பழைய சேலைத்துணியை மடித்து வைப்பவருக்கு இந்தப் படம் உதவாது. துணி எத்தனை மடிப்பு, மலையில் நிற்கும்போது எத்தனை முறை மாற்றவேண்டி வந்தது, மாற்ற இடம் இருந்ததா, இரவில் எழுந்து மாற்றினீர்களா, கட்டி அஞ்சு ரூபாக் குத்தி அளவா பத்து ரூபாக் குத்தி அளவா என்று கேட்கலாம். இரவில் எழுந்து துணி மாற்றுகிறவருக்குப் புள்ளி போட்டுப் பார்க்கத் தேவையில்லை.

இங்கே ஒரு முரண் எனக்கு உறுத்துகிறது. உலகத்திலேயே மிக நுணுக்கமாகக் கணக்கு எழுதப்படும் உழைப்பாளர்களில் தோட்டத்துப் பெண்ணும் ஒருவர். அன்றைய வேலைக்கு முழுப்பேரா அரைப்பேரா, எத்தனை கிலோ, எத்தனை கிலோ கழிவு என்று செக்ரோல் என்ற பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் ஏறுகிறது. கிலோ குறைந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். ஏன் குறைந்தது என்று எழுத அந்தப் புத்தகத்தில் கட்டம் இல்லை. போதாததற்கு, ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில் எடுக்கலாம். அப்படி எடுத்துக்கொண்டு விலகுகிறவர்களின் பெயர், மாதவிடாய் நிற்கும் அதே வயதில் அந்தப் புத்தகத்திலிருந்தும் போய்விடுகிறது.

*

இரத்தம் ஏன் முறைகெடுகிறது என்பதற்கு மகப்பேற்று மருத்துவர்களின் அனைத்துலகக் கூட்டமைப்பு 2011இல் ஒன்பது காரணங்களை வகுத்தது. மாதவிடாய் நிற்காதவர்களுக்கான பகுப்பு அது. நின்றவர்களுக்கும் சிந்திக்கும் ஒழுங்காக உதவும். நான்கு காரணங்களைக் கண்ணால் காணலாம், ஸ்கேனில் பார்க்கலாம், திசுவில் படிக்கலாம்: பொலிப், கருப்பைத் தசைக்குள் உள்வரி வளர்வது, ஃபைப்ரோயிட் கட்டி, புற்றும் அதன் முன்நிலையும். எஞ்சியவை படத்தில் விழமாட்டா: இரத்தம் உறையாத கோளாறு, சினைமுட்டை ஒழுங்காக வெளிவராதது, உள்வரியின் உள்ளார்ந்த கோளாறு, மருந்தால் வருவது, வகைப்படாதவை. இவற்றை விசாரித்துத்தான் பிடிக்கவேண்டும், சிலவற்றுக்கு இரத்தப் பரிசோதனையும் வேண்டும். நல்ல மெசின் இருக்கும் ஊரில் இந்த இரண்டாம் பாதியை மறந்துபோவது எளிது. மூன்று மாத ஊசி போடுகிறாரா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை குடிக்கிறாரா, எப்போதோ போட்ட லூப் இன்னும் உள்ளே இருக்கிறதா, தைரொயிட் எப்படி என்பவற்றுக்கு ஸ்கேன் வேண்டாம்.

நாற்பதுகளின் பின்பகுதியில் மிகப் பொதுவான காரணம் சினைமுட்டை ஒழுங்காக வெளிவராமல் போவது. இதைத் தோட்டத்து மொழியில் சொல்லலாம். ஈஸ்ட்ரஜன் கருப்பையின் உள்வரியை வளர்க்கும் உரம். முட்டை வெளிவந்த பிறகு சுரக்கும் புரொஜெஸ்டரோன், கவ்வாத்து. முட்டை வராத மாதத்தில் கவ்வாத்து இல்லை. செடி தன்பாட்டுக்கு ஓங்கி, ஒழுங்கில்லாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒடிந்து விழும். அதுதான் வாரக்கணக்கில் சொட்டும் இரத்தம். கவ்வாத்து இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தால் உள்வரி மிகைவளர்ச்சி. அதன் உயிரணுக்கள் உருமாறத் தொடங்கினால் புற்றின் வாசல். உடம்புக் கொழுப்பும் ஈஸ்ட்ரஜன் செய்யும் என்பதால் உடற்பருமன் பெரிய ஆபத்துக் காரணி. சர்க்கரை வியாதியும் பிள்ளைப்பேறின்மையும் அதோடு சேரும். தோட்டத்து மெலிந்த, நாலைந்து பெற்ற உடம்பு இந்தப் பட்டியலில் கீழே வருவது உண்மை. ஆனால் வேலையை விட்டு லயத்தில் இருக்கும், சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரரை அந்தப் பழைய படத்தில் வைத்துப் பார்க்கக்கூடாது.

*

பலாங்கொடைக்கு மேலே ஒரு தோட்டம், ஐம்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் போவது தோட்டத்து டிஸ்பென்சரிக்கு. அங்கே இருக்கும் ஈ.எம்.ஏ.யை, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளரை, எல்லாரும் டொக்டரையா என்கிறார்கள்; அவர் எம்.பி.பி.எஸ். படித்தவர் அல்ல. அங்கேயே செய்யக்கூடியவை குறைவில்லை. கண்ணிமையை விரித்து வெளிறலைப் பார்க்கலாம், ஹீமோகுளோபின் பார்க்க அனுப்பலாம், பிரஷர் பார்க்கலாம், அடிவயிற்றில் கட்டி தட்டுப்படுகிறதா என்று அழுத்திப் பார்க்கலாம். இரத்தம் எந்த வழியாக வருகிறது என்று கேட்கலாம். மூலத்தால் வந்ததையும் சிறுநீரில் வந்ததையும் துணியில் கண்ட கறை பிரித்துச் சொல்லாது.

மாதவிடாய் இன்னும் முழுதாக நிற்காதவரென்றால் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் செய்யவேண்டும். சொன்னால் சிரிப்பார்கள்: ‘எனக்கு ஆபரேசன் செஞ்சி இருபது வருஷம்.’ குழாய் கட்டும் ஆபரேசன் தோட்டங்களில் மிகப் பரவலானது. 1980களில் அதற்கு அரசே பணம் கொடுத்தது. அந்த ஆபரேசனும் தவறும். அமெரிக்காவில் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1996இல் வெளியான பெரிய ஆய்வில், பத்து ஆண்டுகளில் ஆயிரத்துக்கு 18 பேருக்கு மேல் கருத்தரித்திருந்தார்கள். அதிலும் குழாயில் தங்கும் கருக்கள் கணிசம். வயது ஏற ஏற வாய்ப்பு மங்கும், ஆனால் சில நிமிடத்தில் முடியும் பரிசோதனையை விடுவதற்கு அது காரணம் ஆகாது.

அடுத்தது ஸ்பெக்குலம் வைத்துப் பார்ப்பது. இதைத் தாண்டி நேரே ஸ்கேனுக்கு அனுப்புவது நகரத்துத் தனியார் இடங்களில் இப்போது சாதாரணம். என் பார்வையில் இது பெரிய தவறு. கருப்பைக் கழுத்தில் இருக்கும் புற்றும் இரத்தம்தான் காட்டும். அதைக் கண்ணாலேயே கண்டுவிடலாம், ஸ்கேனில் கோட்டைவிடலாம். நின்ற பிறகு உலர்ந்து மெலிந்த யோனிச் சுவர், கழுத்திலிருந்து தொங்கும் சின்னப் பொலிப் இரண்டும் இந்தப் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

பாப் ஸ்மியர் பற்றி ஒரு குழப்பத்தைத் தீர்க்கவேண்டும். இலங்கையில் 1996இல் பெண்கள் நலக் கிளினிக்குகள் தொடங்கின. சிங்களத்தில் சுவநாரி என்பார்கள். 35 வயதைக் கடந்த எவரும் போகலாம். 35, 45 வயதுக்காரர்களை மருத்துவமாது தேடிப்போய் அழைப்பார். இந்தத் தீவின் நல்ல ஏற்பாடுகளில் இது ஒன்று. ஆனால் பாப் ஸ்மியர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: கழுத்தின் உயிரணுக்கள் உருமாறுகின்றனவா? கருப்பையின் உள்ளே நடப்பதைச் சொல்ல அதை நம்பமுடியாது. உள்ளிருந்து சில உயிரணுக்கள் தற்செயலாக வந்து விழுந்தால் உண்டு. ‘நாலு வருஷத்துக்கு முந்தி எடுத்தாங்க, நல்லா இருக்குன்னு சொன்னாங்க’ என்று நின்ற பிறகு வந்த இரத்தத்தைப் பேசாமல் விடுகிறவர், வேறு கேள்விக்கு வந்த பதிலைக் கையில் வைத்திருக்கிறார். இன்னொன்று: 45க்குப் பிறகு பெயர் சொல்லி அழைக்கும் வயது எதுவும் இல்லை. உள்வரிப் புற்று தலைகாட்டும் வயதோ அதற்குப் பிறகுதான்.

*

இனி ஸ்கேன். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பதும் யோனிவழி வைத்துப் பார்ப்பதும் இரண்டு வெவ்வேறு பரிசோதனைகள் என்றே சொல்லலாம். முதலாவது பெரிய கட்டிகளைக் காட்டும். உள்வரியின் தடிப்பை மில்லிமீற்றரில் அளக்க இரண்டாவது வேண்டும். கருவி கருப்பைக்கு அருகில் நிற்பதால் படம் கூர்மை. ‘கீழால பாக்கிற ஸ்கேன்’ என்றதும் பல பெண்கள் எழுந்து போய்விடுகிறார்கள். எதற்கு, எப்படி, எவ்வளவு நேரம் என்று அவர்களுடைய மொழியில் யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அவர்களில் பலர் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

1995இல் வட ஐரோப்பிய நாடுகளில் நின்ற பிறகு இரத்தம் கண்ட 1,168 பெண்களை ஆராய்ந்தார்கள். உள்வரி 4 மில்லிமீற்றருக்கு மேற்படாத எவரிடமும் புற்று இல்லை. 1998இல் 35 ஆய்வுகளைத் தொகுத்து, 5,892 பெண்களின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, 5 மில்லிமீற்றர் கோட்டை வைத்தால் புற்று உள்ளவர்களில் 96 வீதமானோர் பிடிபட்டார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் பயன்படும் ‘நாலுக்குக் கீழே என்றால் திசு எடுக்காமல் பொறுக்கலாம்’ என்ற விதியின் வேர் இந்த எண்களில் இருக்கிறது.

விதிக்கு எல்லை உண்டு. மாதவிடாய் நிற்காதவரின் உள்வரி மாதத்துக்குள்ளேயே மெலிந்தும் தடித்தும் மாறுவதால் அவருக்கு இந்தக் கோடு செல்லாது. நின்றவருக்கும், இரத்தம் திரும்பத் திரும்ப வந்தால் தடிப்பு எவ்வளவு என்றாலும் திசு எடுக்கவேண்டும். ஃபைப்ரோயிட் நிறைந்த கருப்பையில் உள்வரியின் கோடு சரியாகத் தெரிவதும் இல்லை. 2024இல் அமெரிக்காவில் உள்வரிப் புற்று உள்ள கறுப்பினப் பெண்களிடம் செய்த ஆய்வு இதைக் கடுமையாக நினைவூட்டியது: 5 மில்லிமீற்றர் கோட்டை நம்பியிருந்தால் அவர்களில் பத்துக்கு ஒருவர் தவறியிருப்பார். வட ஐரோப்பாவில் அளந்த கோடு எல்லாருடைய உடம்புக்கும் ஒரே மாதிரிப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. சப்ரகமுவ மருத்துவர் அந்தக் கோட்டைப் பயன்படுத்தட்டும். ‘திரும்ப வந்தால் உடனே வாங்க’ என்ற வாக்கியத்தையும் அதோடு சேர்த்தே கொடுக்கட்டும்.

கோடு தடித்துத் தெரிகிறது, பொலிப்பா பொதுத் தடிப்பா என்று தெரியவில்லை என்றால், மெல்லிய குழாயால் கொஞ்சம் சேலைன் விட்டுக்கொண்டே ஸ்கேன் பார்க்கலாம். குழிக்குள் நீர் நிறைந்ததும் பொலிப் தனியே நிற்பது தெரியும். செலவு குறைந்த முறை. செய்யத் தெரிந்த கை வேண்டும்.

*

கடைசிச் சொல் திசுவுக்கு. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அதற்கு ஒரே வழி டி அன்ட் சி: மயக்கம் கொடுத்து, வாயை விரித்து, சுரண்டி எடுப்பது. முழுவதையும் சுரண்டிவிட்டோம் என்ற நம்பிக்கை மருத்துவர்களிடம் இருந்தது. 1975இல் ஸ்டொக், கன்பூர் என்ற இருவர் அதைச் சோதித்தார்கள். கருப்பையை அகற்றப்போகும் 50 பெண்களுக்கு முதலில் சுரண்டிவிட்டு, அகற்றிய பிறகு கருப்பையைத் திறந்து பார்த்தார்கள். 60 வீதமானவர்களில் பாதிப் பரப்புக்கூடச் சுரண்டப்படவில்லை.

1984இல் பிரான்சின் கோர்னியே அறிமுகப்படுத்திய பைபெல் என்பது 3.1 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்டிக் குழாய். உள்ளே ஒரு தண்டு. தண்டை இழுத்தால் உறிஞ்சல் உண்டாகி உள்வரியின் துணுக்குகள் குழாய்க்குள் வரும். மயக்கம் வேண்டாம், வாட்டில் தங்கவேண்டாம், கிளினிக் மேசையிலேயே முடியும். வலிக்கும், வலிக்காது என்று சொல்லக்கூடாது. முன்னதாக வலிக்குளிசை கொடுக்கலாம். 2000இல் வந்த தொகுப்பாய்வின்படி, மாதவிடாய் நின்றவர்களின் உள்வரிப் புற்றில் 99.6 வீதத்தையும் நிற்காதவர்களில் 91 வீதத்தையும் இது பிடித்தது. மறுபக்கத்தில், அது தொடுவது உள்வரிப் பரப்பில் நூற்றுக்கு நாலு பங்கு அளவுதான் என்று வேறொரு ஆய்வு காட்டியது. இரண்டும் பொருந்துவது எப்படி? புற்று பெரும்பாலும் பரந்து கிடக்கும், எங்கே தொட்டாலும் கிடைக்கும். பொலிப் ஒரு மூலையில் தொங்கும், குழாய் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். எனவே பைபெல் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி இரத்தமும் நின்றுவிட்டால் நல்லது. ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லியும் இரத்தம் தொடர்ந்தால் உள்ளே எட்டிப் பார்க்கவேண்டும்.

அதுதான் ஹிஸ்டரோஸ்கோபி. இந்தக் கருவியின் பிறப்பே நம் விஷயத்தோடு சேர்ந்தது. 1869இல் பந்தலேயோனி என்ற மருத்துவர், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் கண்ட அறுபது வயதுப் பெண்ணொருவரின் கருப்பைக்குள் குழாய் வழியாக ஒளி செலுத்திப் பார்த்தார். ஒரு பொலிப் தெரிந்தது; சில்வர் நைத்திரேற்றால் சுட்டார். உயிருள்ள பெண்ணின் கருப்பைக்குள் மனிதக் கண் முதலில் பார்த்தது இதே கேள்விக்கு விடை தேடித்தான். இன்றைய கருவி மெல்லியது, கமெரா உள்ளது, பார்த்துக்கொண்டே பொலிப்பை எடுக்கலாம். ஆனால் எல்லாருக்கும் முதலிலேயே இது தேவை என்று சொல்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு கருவிக்கும் ஒரு நிபுணருக்கும் நீளும் வரிசையில், சந்தேகம் தீராதவர்களுக்கு இடம் விடவேண்டும்.

யாருக்குத் திசு எடுப்பது? மாதவிடாய் நிற்காதவர் என்றால், முறைகெட்ட இரத்தப்போக்குள்ள 45 வயதும் அதற்கு மேலும். அதற்குக் கீழே என்றால் பருமன், சர்க்கரை, மருந்துக்கு மசியாத இரத்தப்போக்கு போன்ற காரணம் இருப்பவர்கள். இது பரவலான வழிகாட்டல். தடையாக வந்து நிற்பது டவுன் பார்மசியில் கிடைக்கும் ‘இரத்தம் நிற்கும் மாத்திரை’. நோரெதிஸ்டரோன் நல்ல மருந்து. இரத்தத்தை நிறுத்தவே செய்யும். காரணத்தையும் சேர்த்து மூடிவிடும். திசுவின் தோற்றத்தையும் மாற்றும் என்பதால், அதைக் குடித்தவர் என்றால் திசுவோடு போகும் தாளில் எழுதவேண்டும்.

இரும்பு மட்டும் எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. ஹீமோகுளோபின் 7 உள்ளவருக்கு அறிக்கை வரும்வரை இரும்பு கொடுக்காமல் இருப்பது அநியாயம். இரும்பு கொடுத்துவிட்டோம் என்று அறிக்கையை மறப்பது அதைவிட அநியாயம்.

*

பயத்தைப் பற்றி ஓர் எண். 2018இல் 129 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டது: நின்ற பிறகு இரத்தம் கண்ட நூறு பேரில் உள்வரிப் புற்று இருந்தது 9 பேருக்கு, உள்வரிப் புற்று உள்ள நூறு பேரில் இரத்தம் கண்டிருந்தது 91 பேருக்கு. நூற்றில் பெரும்பான்மையினருக்கு உலர்ந்து மெலிந்த உள்வரியோ பொலிப்போதான் காரணம். மற்ற ஒன்பது பேரின் நோயும் வாய்திறந்து பேசும் நோய். ஆரம்பத்திலேயே இரத்தம் காட்டிவிடுவதால் கருப்பையை எடுத்துக் குணமாக்கக்கூடிய நிலையில் பிடிபடுவதே அதிகம். மிகைவளர்ச்சி என்று வந்தாலும், உயிரணு உருமாற்றம் இல்லாதது 20 ஆண்டுகளில் புற்றாவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. மாத்திரையோ ஹோர்மோன் லூப்போ போதும். உருமாற்றம் உள்ளதென்றால் பேச்சே வேறு.

கருவிகளைப் பொறுத்தவரை சப்ரகமுவ வெறுங்கையோடு நிற்கவில்லை. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் பெரிய ஆஸ்பத்திரிகள். பலாங்கொடை, காவத்தை, கரவனெல்ல ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள். வீ.ஓ.ஜி. எனப்படும் மகப்பேற்று, பெண்நோயியல் நிபுணரைக் காண காசு கொடுக்கத் தேவையில்லை. சங்கிலி அறுவது கருவிகளுக்கு இடையில். திசு எடுத்த அன்றே விடை வராது. போர்மலின் போத்தலில் அது திசு நோயியல் நிபுணர் இருக்கும் ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டும்; விடை வர வாரங்கள் ஆகும். வந்த விடையை வாங்க இன்னொரு பயணம், இன்னொரு பேர் இழப்பு. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனால் இரண்டு பேரின் நாள் போகும். இரத்தமும் இதற்குள் நின்றிருந்தால் போக என்ன அவசரம்?

அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். தாதி மிஸ் அதைச் சிங்களத்தில் சொல்வார். நோயாளி அதைத் தமிழில் புரிந்துகொண்டு திரும்புவார். ‘மிகைவளர்ச்சி, உருமாற்றம் இல்லை’ என்பதற்கும் ‘மிகைவளர்ச்சி, உருமாற்றம் உண்டு’ என்பதற்கும் உள்ள தூரம் மூன்று மொழி தாண்டி வரும்போது என்ன ஆகும்? இன்றைக்கு ஐம்பதுகளின் முற்பகுதியில் இருக்கும் பெண்கள் 1970களில் பிறந்தவர்கள். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டபோதும், 1983 இனக்கலவரத்தின்போதும், அவர்கள் சிறுபிள்ளைகள். டவுனில் அரச மேசை ஒன்றின் முன் நின்று ‘விளங்கவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்க’ என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு வராமல் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

தோட்டத்துச் சுகாதாரம் பிள்ளைப்பேற்றைச் சுற்றிக் கட்டப்பட்டது. 1939இன் மகப்பேற்று நன்மைச் சட்டம், மருத்துவமாது, பிள்ளைக் காம்பரா, திரிபோஷ, ஆபரேசன் எல்லாமே பெறும் உடம்பை நோக்கியவை. அந்தத் துறையில் அது சாதித்தும் இருக்கிறது. பெற்று முடித்த உடம்பைப் பற்றி அதற்குப் பழக்கம் இல்லை. எனவே நான் கேட்பது டிஸ்பென்சரிக்கு ஹிஸ்டரோஸ்கோப் அல்ல. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் கடிதம் ‘52 வயது, இரத்தப்போக்கு, தயவுசெய்து பார்க்கவும்’ என்று இராமல், இப்படி இருக்கவேண்டும்: ‘கடைசி மாதவிடாய் முந்திய தீபாவளிக்கு முன். 14 மாதம் ஒன்றுமில்லை. இப்போது பத்து நாளாகச் சொட்டுகிறது. ஹீமோகுளோபின் 8.1. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். நோரெதிஸ்டரோன் குடிக்கவில்லை. குழாய் கட்டியவர். தமிழ் மட்டும் பேசுவார்.’ இந்த எட்டு வரிகளை எழுத எந்த மெசினும் வேண்டாம். படிக்கும் வீ.ஓ.ஜி. அவரை அன்றே உள்ளே கூப்பிடுவார்.

திரும்பிவரும் வழிக்கு ஒரு கொப்பி போதும். யாருடைய திசு எந்தத் திகதி போனது, விடை வந்ததா, யார் போய் வாங்கினார், என்ன சொன்னார்கள் என்று மருத்துவமாதோ டொக்டரையாவோ எழுதிவைக்கும் கொப்பி. கொழுந்துக்குச் செக்ரோல் எழுதத் தெரிந்த தோட்டத்துக்கு இது புதிய வித்தையும் அல்ல. அந்தக் கொப்பி இல்லாத இடத்தில், ஐம்பத்திரண்டு வயதுக்காரரின் அறிக்கை ஆஸ்பத்திரிக் கோப்பில் அவருடைய இலக்கத்துக்குக் கீழே கிடக்கும். இரத்தம் நின்றுவிட்டது என்று அவர் மலைக்குப் போய்க்கொண்டிருப்பார்.